எண் பார்ப்பதும் கண் பார்ப்பதும்

நவம்பர் என்றால் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர்களின் மாதம். வாழ்நாள் சான்றிதழ் அளிப்பதற்காக ஆண்டுக்கு ஒரு முறை அனைவரும் வந்துசேர்வார்கள். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே அளித்துவிடலாம். ஆயினும் பழைய நண்பர்களைப் பார்க்கும் ஆவலில் அவர்களிலும் பலர் நவம்பரில்தான் வருகிறார்கள். இருபது ஆண்டுகளாகக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் எனக்கு, ஒருவருடைய பார்வை எவ்வாறுள்ளது என்பதை அவர் படிவம் நிரப்பும் விதத்தைக் கொண்டே ஓரளவு ஊகிக்கும் பழக்கம் வந்துவிட்டது. பாஸ்புக்கைக் கைநீட்டித் தொலைவில் பிடிப்பவர், படிவத்தை வாசலின் வெளிச்சத்துக்கு எடுத்துச் செல்பவர், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லி ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவரை எழுதித் தரச் சொல்பவர் என்று பலரைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் சிறிதும் பயன்படாமற்போன ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அப்போது நான் மும்பையில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி ஒன்றிலிருந்த கிளையில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். வயது 74. கண்ணாடி அணியமாட்டார். "அறுபதில் போட்ட கண்ணாடியை எழுபதில் கழற்றிவிட்டேன் சார். இப்போது பேப்பரே வெறுங்கண்ணால்தான் படிக்கிறேன்" என்று பெருமையுடன் சொல்வார். நாங்களும் வியந்து பாராட்டியிருக்கிறோம். ஒருநாள், பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் கொடுத்த காசோலையில் கையொப்பம் எங்களிடமிருந்த மாதிரியுடன் ஒத்துவரவில்லை. எழுத்துகள் கோட்டைவிட்டுக் கீழிறங்கிக் கடைசி எழுத்து ஓரத்தில் ஒடுங்கியிருந்தது. மீண்டும் இடச் சொன்னேன். இரண்டாவதும் சரியில்லை. "கையெழுத்து என்னுடையதுதான் சார். உங்கள் கண்ணைத்தான் சோதிக்க வேண்டும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்றாவது கையொப்பம் ஏறத்தாழப் பொருந்தியது. பணத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டவர், கண்ணாடிக் கதவின் இடப்பக்கச் சட்டத்தில் தோளை இடித்துக்கொண்டு வெளியேறினார். அதையும் பார்த்தேன். அவசரம் என்று நினைத்தேன்.

ஐந்தாறு மாதங்கள் கழித்து அவருடைய மகள் வந்தார். தந்தையின் கணக்கைத் தம்முடைய பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்ற விரும்பினார். காரணம் கேட்டபோதுதான் செய்தி தெரிந்தது. தெருவைக் கடக்கையில் இடப்பக்கம் வந்த மோட்டார் சைக்கிளைக் காணாமல் விழுந்திருக்கிறார். காயத்துக்கு மருந்திட்ட மருத்துவர் சொல்லித்தான் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். கண்நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. இடக்கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வலக்கண்ணிலும் ஓரங்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. போனது போனதுதான் என்றும், இருப்பதைச் சொட்டு மருந்தால் காத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். "அப்பா ஒரு நாளும் கண்ணில் குறை என்று சொன்னதே இல்லை சார்" என்றார் அந்த அம்மையார்.

வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு உடனே இருப்பாய்வு நினைவுக்கு வந்தது. பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாகிவிட்டால் கணக்கு சரி என்று முதலாண்டு மாணவன் நினைப்பான். ஆசிரியர் அப்போதுதான் ஈடுசெய் பிழைகளைப் பற்றிச் சொல்லித் தருவார். ஓரிடத்துப் பிழையை இன்னோரிடத்துப் பிழை சரிக்கட்டிவிடும், கூட்டுத்தொகை பொருந்தும், பிழை உள்ளேயே இருக்கும். இரண்டு கண்களும் அப்படித்தான் நம்மை ஏமாற்றுகின்றன. ஒரு கண் விட்டதை மற்றொரு கண் எடுத்துக்கொடுக்கிறது. இரண்டும் விட்ட இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. மொத்தத்தில் உலகம் முழுமையாகவே தெரிகிறது. கண்நீர் அழுத்த நோயாளிக்குக் கண் எதிரே கறுப்புத் திரை ஏதும் தோன்றுவதில்லை; அவர் காணாததைக் காணவில்லை என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. அழும்போது வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. வடிகால் மந்தமானால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளால் ஆன பார்வை நரம்பு அந்த அழுத்தத்தில் சிறிது சிறிதாகக் கருகுகிறது. ஓரப் பார்வைக்குரிய இழைகள் முதலில் போகும்; எழுத்தைப் படிக்க உதவும் நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனால்தான் நம் பெரியவர் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார், கதவை இடித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் இது மெதுவாகத்தான் வரும் என்பதும் இல்லை. வடிகால் திடீரென அடைபட்டால் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், வாந்தி என்று ஒரே நாளில் படுத்திவிடும் வகையும் உண்டு. அது வந்தவர் மருத்துவமனைக்கு ஓடிவிடுவார். வலியில்லாத வகைக்காரரே வீட்டில் அமர்ந்திருப்பார்.

கண்ணாடி தேவைப்படாமற்போனது எப்படி? அதற்கும் மருத்துவர் மகளிடம் விளக்கம் சொல்லியிருந்தார். முதுமையில் விழியின் லென்ஸ் நடுவில் இறுகிப் புரையாகும்போது சிலருக்குக் கிட்டப்பார்வை உண்டாகும். அந்தக் கிட்டப்பார்வையால் வெள்ளெழுத்து தற்காலிகமாக மறைந்து, கண்ணாடியின்றிப் படிக்க முடியும். இளமை திரும்பியதாகக் குடும்பமே மகிழும். உண்மையில் அது புரை வளர்வதன் அறிகுறி. எழுபது வயதில் ஒருவர் திடீரென்று கண்ணாடியைக் கழற்றினால் பாராட்டுவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும் என்பது நான் கற்ற பாடம்.

அந்த அம்மையார் மேலும் ஒன்று சொன்னார். இடக்கண் மங்கலாக இருப்பதைப் பெரியவர் ஓராண்டாகவே உணர்ந்திருந்தாராம். வெளியில் சொன்னால் வங்கியில் காசோலைப் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்களோ என்று அஞ்சி மறைத்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது; மூன்று முறை கையொப்பம் வாங்கியவன் நான்தானே. வாசகர்கள் ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டிக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, பாதுகாப்புப் பெட்டகம் உள்ளிட்ட வசதிகளை எந்த வங்கியும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. கண்ணைப் பற்றிய உண்மையைச் சொல்வதால் உங்கள் பணத்தின்மீது உங்களுக்குள்ள உரிமை குறைந்துவிடாது.

"நான் ஆண்டுதோறும் கண் சோதித்துக்கொள்கிறேனே" என்று பலர் சொல்வதுண்டு. விசாரித்தால், கண்ணாடிக் கடையில் எண் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். எண் பார்ப்பது வேறு, கண் பார்ப்பது வேறு. முதலாவது, எந்தக் கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகத் தெரியும் என்று அளப்பது. இரண்டாவது, கண் என்னும் உறுப்பு நலமாக இருக்கிறதா என்று உள்ளும் புறமும் பார்ப்பது. கடையில் எண் பார்ப்பவர்களுள் முறையாகப் பயின்று, ஐயம் தோன்றினால் மருத்துவரிடம் அனுப்புவோரும் இருக்கிறார்கள். ஆனால் கண்ணாடி வாங்க வந்தவர் கண்ணாடியோடு போய்விடுகிறார் என்பதே பெரும்பாலும் நடப்பது.

முழுமையான பரிசோதனையில் என்ன நடக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். அச்சத்தால் தள்ளிப்போடுவோர் பலர். முதலில் 6 மீட்டர் தொலைவில் உள்ள எழுத்துப் பலகை. நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் வகுத்த முறை இது. 6/6 என்றால், நல்ல கண் 6 மீட்டரில் படிப்பதை நீங்களும் 6 மீட்டரில் படிக்கிறீர்கள். 6/60 என்றால், நல்ல கண் 60 மீட்டருக்கு அப்பாலிருந்தே படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்வார்கள். சலிப்பூட்டும் இந்தச் சிறு செயல்தான் ஈடுசெய் பிழையை உடைக்கும் முதல் சோதனை. பிறகு முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கற்றையால் கருவிழி, லென்ஸ் ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அடுத்து, கண்ணின் அழுத்தம். சில இடங்களில் காற்றை ஊதி அளப்பார்கள். சில இடங்களில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கருவிழியை ஒரு சிறு கருவியால் தொட்டு அளப்பார்கள். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை பொதுவாக இயல்பு. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுவோர் இருக்கிறார்கள் என்பதால், அந்த ஓர் எண்ணோடு மருத்துவர் நிற்பதில்லை.

இறுதியில் கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து. இதுதான் பலர் தவிர்க்க விரும்பும் கட்டம். இதுதான் மிக முக்கியமான கட்டமும்கூட. அரை மணி நேரம் காத்திருந்த பிறகு, மருத்துவர் விழித்திரையையும் பார்வை நரம்பின் தலைப்பகுதியையும் நேரடியாகக் காண்பார். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் இதற்கான கருவியை உருவாக்கும்வரை உயிருள்ள மனிதனின் கண்ணின் உட்புறத்தை எவரும் தெளிவாகக் கண்டதில்லை. கத்தியின்றி, உடலின் இரத்தக் குழாய்களையும் ஒரு நரம்பையும் நேரே பார்க்கக் கூடிய சாளரம் கண் ஒன்றுதான். மருந்தின் விளைவால் சில மணி நேரம் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நலம். வங்கி வேலையையும் அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். படிக்க முடியாத தாளில் கையொப்பமிடுவது எவருக்கும் நல்லதன்று.

இது முதியோருக்கு மட்டுமான பேச்சு என்று இளம் பெற்றோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். குழந்தைகளிடத்தில்தான் ஈடுசெய் பிழை மிகக் கொடிது. ஒரு கண்ணில் மட்டும் எண் மிகுதியாக இருந்தால், மூளை அந்தக் கண் அனுப்பும் மங்கலான உருவத்தை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணையே நம்பிப் பழகிவிடும். கண்ணில் நோயே இல்லாமல் பார்வை வளராமற்போகும். 'சோம்பல் கண்' என்பது இதுதான். குழந்தை ஓடும், ஆடும், படிக்கும். ஒரு குறையும் சொல்லாது. உலகம் இப்படித்தான் எல்லாருக்கும் தெரியும் போலும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியும், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைக்கும் பயிற்சியும் பெரும்பாலும் பலன் தரும். பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். ஆகவே பள்ளியில் சேர்ப்பதற்கு முன், மூன்று நான்கு வயதிலேயே ஒரு பரிசோதனை வேண்டும். எழுத்தறியாத குழந்தைக்குப் படங்களைக் காட்டிச் சோதிக்கும் முறை இருக்கிறது. ஒரு கண்ணை நீங்கள் கையால் மூடும்போது மட்டும் குழந்தை சிணுங்கிக் கையைத் தள்ளினால், பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஒரு கண்மணி வெண்மையாகத் தெரிந்தால், மூன்று வயதுவரை காத்திருக்கவே கூடாது. பின்னது விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் அவசரம். நம் நாட்டில், 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாள்களுக்குள் விழித்திரையைச் சோதித்துவிட வேண்டும் என்பது விதி. இன்குபேட்டரிலிருந்து குழந்தை உயிரோடு வீடு வந்த மகிழ்ச்சியில் இந்தத் தேதி மறந்துபோவதுண்டு. மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு ஒரு முறை. கரும்பலகையை எட்டிப் பார்ப்பது, பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதுவது ஆகியவற்றைச் சோம்பலாக எண்ணித் திட்டுவதற்கு முன் கண்ணைப் பாருங்கள். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளிலேயே கண் சோதித்து, தேவைப்படும் ஏழை மாணவர்க்கு இலவசக் கண்ணாடி வழங்கப்படுகிறது. 1976-இல் தொடங்கப்பட்ட திட்டம் இது. கிட்டப்பார்வை கூடாமலிருக்க நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் விளையாடுவது உதவுகிறது என்பதைக் கைப்பேசியும் கையுமாக இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இருபதுகளிலும் முப்பதுகளிலும் குறையொன்றும் இல்லாதவர் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சென்றால் போதும். சர்க்கரை நோயாளிக்கு மட்டும் இந்தச் சலுகை எந்த வயதிலும் கிடையாது. சர்க்கரை, விழித்திரையின் நுண்குழாய்களை அரித்துக் கசியச் செய்கிறது. கசிவு தொடங்கிய பிறகும் பலகையில் 6/6 படித்துவிட முடியும். எழுத்து மங்கும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். நடுவயதில் வரும் வகைச் சர்க்கரையாயின் நோய் தெரிந்த அன்றே முதல் விழித்திரைப் பரிசோதனை, பிறகு ஆண்டுதோறும். தக்க காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் இடும் ஊசிமருந்தும் பார்வையைக் காக்கின்றன. கண் சிவந்தால் மருந்துக் கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல்: அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை கண் அழுத்தத்தை உயர்த்திக் கண்நீர் அழுத்த நோயையே உண்டாக்கக் கூடும்.

அறுபதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வது நல்லது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்புக்கு 66.2 விழுக்காடு கண்புரையே காரணம் என்று தெரியவந்தது. புரை, அறுவை செய்து பார்வையைத் திரும்பப் பெறக்கூடிய நோய். அரசு மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவன மருத்துவமனைகளிலும் கட்டணமின்றியே செய்கிறார்கள். அப்படியிருந்தும் இத்தனை பேர் இருளில் இருக்கக் காரணம், வயதானால் கண் மங்கத்தான் செய்யும் என்று வீட்டார் இருந்துவிடுவதே.

செலவு பற்றி ஒரு குறிப்பு, தொழில் பழக்கத்தால். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், தமக்கும் வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோருக்கும் செய்துகொள்ளும் முன்தடுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு, மருத்துவக் காப்பீட்டுக்கான உச்சவரம்புக்குள் 5,000 ரூபாய் வரை வரிக்கழிவு பெறலாம். கண் பரிசோதனை இரசீதைக் குப்பையில் போடாதீர்கள்.

நாற்பதுக்கு வருகிறேன், அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். எனக்கு 43 வயதில் வெள்ளெழுத்து வந்தது. ரயில் நிலைய மேம்பாலத்தில் விற்கும் ஆயத்தக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டினேன்; எழுத்து தெரிந்தது; வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பெரியவரின் மகள் வந்துபோன பிறகுதான் மனம் உறுத்திற்று. நாற்பது வயதில் அனைவரும் ஒருமுறை முழுமையாகக் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. வெள்ளெழுத்து அதற்கு வரும் இயற்கையான அழைப்புக் கடிதம். மேம்பாலத்துக் கண்ணாடியை வாங்கியதன்மூலம் நான் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை விடுப்பில் சென்றேன். மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, பெற்றோர் அல்லது உடன்பிறந்தாரில் எவருக்கேனும் கண்நீர் அழுத்த நோய் உண்டா என்பது. உண்டென்றால் நமக்கும் வரும் வாய்ப்பு பிறரைவிட அதிகம். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் தந்தை கடைசி நான்கைந்து ஆண்டுகளில் சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடுவார். அம்மா சலித்துக்கொள்வார், ஊருக்குப் போயிருந்த நாள்களில் நானும் ஓரிரு முறை கடிந்திருக்கிறேன். அவரைக் கண் மருத்துவரிடம் நாங்கள் எவரும் அழைத்துச் சென்றதில்லை. "தெரியாது" என்று சொன்னேன். அவ்வாறே எழுதிக்கொண்டார்.

கண் அழுத்தம் வலத்தில் 20, இடத்தில் 22. நரம்பின் நடுவிலுள்ள குழி சற்றுப் பெரிதாக இருக்கிறது என்றார். ஓர் அரைக்கோளத்துக்குள் முகத்தை வைத்து, ஆங்காங்கே மின்னும் ஒளிப்புள்ளியைக் காணும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் ஓரப் பார்வைச் சோதனையும் நடந்தது. அதில் குறையில்லை. மருந்து தேவையில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும். வாராக்கடன் ஆவதற்கு முன்பே சில கணக்குகளைத் தனிக் கவனத்தில் வைப்பது எங்கள் துறை வழக்கம். என் கண்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இதுவரை நான்கு முறை சென்றுவந்துவிட்டேன். அளவுகள் மாறவில்லை.

முதல் முறை சென்று திரும்பிய மாலையே ஊரிலுள்ள அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு 51 வயது. "எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்றார். அறுவடை, கோயில் கொடை, மகளின் தேர்வு என்று மூன்று முறை தள்ளிப்போட்டார். நான்காம் முறை அண்ணியே அழைத்துப்போனார். கண்மணியை விரித்துப் பார்த்திருக்கிறார்கள். அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. குடும்பத்தில் ஐயம் இருப்பதால் ஆண்டுக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.